ஏழு நரம்புகளின் பெயர்கள்: சமணத் தமிழ்நூல்கள் காத்த இசைச்சொற்கள்

இசை பயிலத் தொடங்கும் ஒரு குழந்தை முதல் நாளில் கற்பது ச, ரி, க, ம, ப, த, நி என்னும் ஏழு எழுத்துகளை. சட்சம், ரிசபம், காந்தாரம், மத்திமம், பஞ்சமம், தைவதம், நிசாதம் என்பவற்றின் சுருக்கமே அவை. இவ்வேழுக்கும் தமிழில் வேறு ஏழு பெயர்கள் உண்டு: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். அந்நாளில் இவற்றைப் பாடிப் பயில்வதற்கு ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ, ஔ என்னும் ஏழு நெட்டெழுத்துகள் வழங்கின. இச்செய்தி இன்று இசை வகுப்புகளில் அரிதாகவே சொல்லப்படுகிறது. ஆனால் நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் திண்ணைப் பள்ளியில் நிகண்டு மனனம் செய்த சிறுவர்களுக்கு இப்பெயர்கள் தெரிந்திருந்தன. அவர்கள் கையில் இருந்த சூடாமணி நிகண்டை இயற்றியவர் மண்டலபுருடர் என்னும் சமணச் சான்றோர். பன்னிரண்டு தொகுதிகள் கொண்ட அந்நூலில் ஒலி பற்றிய பெயர்களுக்கென்றே ஒரு தொகுதியை அவர் ஒதுக்கினார். சைவ, வைணவ இல்லத்துப் பிள்ளைகளும் அந்நூலைக் கற்றே தமிழுக்குள் நுழைந்தனர்.

இப்பெயர்களுள் சில இன்றைய காதுக்குப் புதுமையாக ஒலிக்கும். கைக்கிளை என்றதும் ஒருதலைக் காமம் நினைவுக்கு வரும். தாரம் என்றதும் மனைவி. இசையில் அவற்றுக்கு அப்பொருள்கள் இல்லை. இசையொலியை முன்னோர் 'நரம்பு' என்றே பொதுப்பெயரிட்டு வழங்கினர். யாழின் நரம்பு எழுப்பும் ஒலிக்கும் நரம்பு என்றே பெயர் நின்றது. சுவரம் என்னும் சொல் பின்னாளில் அவ்விடத்தைப் பிடித்தது. ஏழு நரம்பும் உடலின் எவ்விடத்தில் பிறக்கும் என்பதையும் பழைய உரைகள் கூறும். குரல் மிடற்றிலும், துத்தம் நாவிலும், கைக்கிளை அண்ணத்திலும், உழை சிரத்திலும், இளி நெற்றியிலும், விளரி நெஞ்சிலும், தாரம் மூக்கிலும் பிறக்கும் என்பர். இதை உடற்கூற்று நூலாகக் கொள்ள வேண்டியதில்லை. பாடும்போது ஒலி எங்கே அதிர்கிறது என்பதைக் கூர்ந்து கவனித்த ஆசிரியர்கள் மாணவனுக்குத் தந்த அடையாளம் என்று கொண்டால் போதும்.

ஓசையின் மூன்று நிலைகளுக்கும் தமிழ்ப்பெயர் உண்டு. கீழ்நிலை மெலிவு, நடுநிலை சமன், மேல்நிலை வலிவு. மந்தரம், மத்திமம், தாரம் என வடமொழி வழக்கில் சொல்லப்படுபவை இவையே. 'தாரம்' அங்கே மேல்நிலையைக் குறிக்க, தமிழில் ஏழாம் நரம்பைக் குறிப்பதால், இரண்டு வழக்கையும் கலந்து படிக்கும் மாணவர் இவ்விடத்தில் தடுமாறுவதுண்டு.

இச்சொற்களை முழுமையாகக் காணும் பழைய இடம் சிலப்பதிகாரம். இளங்கோவடிகளின் சமயம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. சமணத் துறவி என்னும் மரபே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. எவ்வாறாயினும் கவுந்தியடிகளை அத்துணை மதிப்புடன் படைத்த நூல் அது. கோவலனையும் கண்ணகியையும் காவிரிக்கரையிலிருந்து மதுரைப் புறஞ்சேரி வரை அழைத்துவந்த அவ்வம்மையார், கண்ணகியை இடையர்குல முதியவள் மாதரியிடம் அடைக்கலமாகத் தருகிறார். அந்த மாதரியின் ஆயர்சேரியில்தான் ஏழு நரம்புகளும் ஏழு பெண்களாக எழுந்து நிற்கின்றன.

ஆய்ச்சியர் குரவை என்னும் அப்பகுதியின் சூழல் துயரமானது. குடத்தில் இட்ட பால் உறையவில்லை. வேறு தீக்குறிகளும் தோன்றுகின்றன. வரவிருக்கும் கேட்டைத் தணிக்க, கண்ணகி காணக் குரவைக்கூத்து ஆடுவோம் என்கிறாள் மாதரி. ஏழு கன்னியரை வட்டமாக நிறுத்தி, மேற்குத் திசையில் தொடங்கி இடமுறையாகக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஒவ்வொருத்திக்கும் பெயரிடுகிறாள். பின்னர்க் குரலாக நின்றவளை மாயவன் என்றும், இளியாக நின்றவளைப் பலதேவன் என்றும், துத்தமாக நின்றவளைப் பின்னை என்றும் கூறுகிறாள். ஆட்டம் தொடங்குகிறது. கேட்டைத் தணிக்க எழுந்த அக்குரவையால் மதுரையில் கோவலனுக்கு நேர்ந்ததைத் தடுக்க முடியவில்லை. செய்தி கேட்ட கவுந்தியடிகள் உண்ணாநோன்பு பூண்டு உயிர்நீத்தார்.

மாதரி செய்த அந்தப் பெயரீட்டில் இசையிலக்கணம் ஒன்று பொதிந்திருக்கிறது. மாயவனும் பலதேவனும் உடன்பிறந்தோர். குரலுக்கும் இளிக்கும் உள்ள உறவும் அத்தகையதே. குரலை ஒன்றாக வைத்து எண்ணினால் இளி ஐந்தாவது. இந்த ஐந்தாம் நரம்பின் உறவுக்குப் பழைய நூல்கள் 'கிளை' என்று பெயரிட்டன. கிளைஞர், சுற்றத்தார் என்பதில் வரும் அதே சொல். நான்காம் நரம்பு, அதாவது குரலுக்கு உழை, 'நட்பு'. மூன்றாவதும் ஆறாவதும் 'பகை'. இன்று தம்பூராவில் மீட்டப்படும் சட்சமும் பஞ்சமமுமே குரலும் இளியும். ஒன்று மற்றொன்றோடு இழைந்து ஒலிப்பதை இசை அறியாதவரும் உணர்வர். ஒலிகளின் பொருத்தத்தை எண்களால் மட்டும் சொல்லாமல் சுற்றம், நட்பு, பகை என்னும் வீட்டுச் சொற்களால் சொன்னதால், ஏட்டுக்கல்வி இல்லாத ஆயர்மகளும் அதைக் கையாள முடிந்தது.

கண்ணனையும் பலதேவனையும் இவ்விடத்தில் கண்டு சமண வாசகர் வியப்படைய வேண்டியதில்லை. 22ஆம் தீர்த்தங்கரரான பகவான் நேமிநாதரின் உறவினராகவே கண்ணன் சமண புராணங்களில் இடம்பெறுகிறான். திருப்பருத்திக்குன்றத்துச் சங்கீத மண்டபத்தின் விதானத்தில் விருஷப தேவர், வர்த்தமானர் ஆகியோரின் வரலாற்றுடன் கண்ணன் வரலாறும் வண்ணத்தில் தீட்டப்பட்டிருப்பது இதனாலேயே.

இனி அலகு. ஒரு நரம்பிலிருந்து அடுத்த நரம்புக்கு உள்ள தொலைவை அளக்கும் நுண்ணளவே அலகு. மாத்திரை என்றும் சொல்வர். வடமொழி நூல்கள் சுருதி என்பது இதனையே. குரலுக்கு 4, துத்தத்திற்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்திற்கு 2 எனச் சிலப்பதிகார உரை கணக்கிடுகிறது. கூட்டினால் 22. இந்த எண்களைப் பலரும் மனப்பாடமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். சற்று நின்று பார்த்தால் ஒரு கதவு திறக்கும். ஒவ்வொரு நரம்பும் தனக்கு முந்தைய நரம்பிலிருந்து அத்தனை அலகு ஏறி நிற்கிறது என்று கொள்வோம். 4 அல்லது 3 அலகு உள்ள இடம் பெரிய படி. 2 அலகு உள்ள இடம் சிறிய படி. அப்போது குரலிலிருந்து துத்தம் பெரிய படி, துத்தத்திலிருந்து கைக்கிளை பெரிய படி, கைக்கிளையிலிருந்து உழை சிறிய படி, உழையிலிருந்து இளி பெரிய படி, இளியிலிருந்து விளரி பெரிய படி, விளரியிலிருந்து தாரம் சிறிய படி, தாரத்திலிருந்து மேற்குரல் பெரிய படி. இந்த அமைப்பை ஆர்மோனியத்தில் வாசித்துப் பார்த்தால் ஒலிப்பது அரிகாம்போதி.

இதுவே பழந்தமிழரின் அடிப்படைப் பாலையாகிய செம்பாலை. 'பாலை' என்றால் இங்கே வறண்ட நிலம் அன்று. ஏழு நரம்புகளும் நிறைந்த ஓர் இசைநிரல். இன்று மேளம் அல்லது தாய்ராகம் என்று சொல்லப்படுவதற்கு அது நிகர். குரல் நின்ற இடத்தைத் துத்தத்திற்கு மாற்றி, துத்தத்தையே குரலாகக் கொண்டு அதே நரம்புகளை வரிசையாக மீட்டினால் வேறொரு பாலை பிறக்கும். இவ்வாறு ஏழு இடங்களிலும் குரலை மாற்ற ஏழு பாலைகள் கிடைக்கும்: செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை. செம்பாலை அரிகாம்போதி எனக் கொண்டால் படுமலை நடபைரவியாகவும், அரும்பாலை சங்கராபரணமாகவும், கோடி கரகரப்பிரியாவாகவும், விளரிப்பாலை தோடியாகவும், மேற்செம்பாலை கல்யாணியாகவும் அமைகின்றன. செவ்வழி மட்டும் இரண்டு மத்திமம் பெற்று, பஞ்சமம் இன்றி, தோடியின் சாயலில் நிற்கும். இவ்வாறு குரலிடம் மாற்றுவதை இன்றைய இசையாளர் கிரகபேதம் என்பர்.

இக்கணக்கில் அறிஞர் அனைவரும் உடன்பட்டவர் அல்லர். 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் செம்பாலையைச் சங்கராபரணம் என்றே கொண்டார். பின்வந்தோருள் பலர் அரிகாம்போதிக்கு வந்து சேர்ந்தனர். சிலப்பதிகார இசையை ஆராய்ந்த எஸ். இராமநாதன் அவர்களுள் ஒருவர், பாடகர் ஆதலால் அவர் தம் கருத்தைப் பாடியே காட்டினார். முடிவு எதுவாயினும் வழக்கின் ஆவணம் ஒன்றே: ஓலையில் இருந்த சிலம்பும் அதன் உரைகளும்.

பண், திறம் என்னும் சொற்களையும் தொடக்க மாணவர் அறிதல் நலம். ஏழு நரம்பும் பெற்றது பண். நரம்பு குறைந்தது திறம். இதனை மேலும் நுணுக்கி, ஏழு நரம்புடையது பண், ஆறுடையது பண்ணியல், ஐந்துடையது திறம், நான்குடையது திறத்திறம் என உரையாசிரியர் வகுப்பர். சம்பூர்ணம், சாடவம், ஔடவம் என்று வகுப்பறையில் கற்பிக்கப்படுபவற்றின் தமிழ் முகம் இது. மோகனம் ஐந்து நரம்பால் ஆயது, ஆகவே திறம். ஒரு பண்ணைச் சொற்களின்றி விரித்துப் பாடுவது ஆளத்தி, இன்று ஆலாபனை. காட்டாளத்தி, நிறவாளத்தி, பண்ணாளத்தி என அதற்கு மூன்று வகை சொல்லி, எந்த எழுத்துகளால் பாடவேண்டும் என்பதையும் அடியார்க்குநல்லார் விளக்குகிறார். காலத்தை அளக்கும் தாளத்தின் பழம்பெயர் பாணி. கொட்டு அரை மாத்திரை, அசை ஒரு மாத்திரை, தூக்கு இரண்டு, அளவு மூன்று.

தாள எழுத்து பற்றிய மிகப் பழைய சான்றொன்று ஏட்டில் இல்லை, பாறையில் இருக்கிறது. ஈரோட்டுக்குத் தெற்கே அரச்சலூர் மலைக்குகையில், கி.பி. முதல் சில நூற்றாண்டுகளைச் சேர்ந்த தமிழ் பிராமி எழுத்தில், த, தை, தே போன்ற அசைகள் ஐந்து வரிக்கு ஐந்தாகக் கட்டம் போட்டதுபோல் வெட்டப்பட்டுள்ளன. இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் படித்தாலும் அதே அடைவு வரும். எழுத்துகளை இணைத்தமைத்தவன் மணிவண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பக்கத்தில் குறிப்பும் உண்டு. வண்ணக்கன் என்பவன் நாணயமும் மணியும் நோட்டம் பார்ப்பவன். ஆட்டத்திற்குரிய சொற்கட்டு ஒரு வணிகச் சூழலிலிருந்து வந்தவனின் கையால், துறவோர் உறைந்த குகைகளை ஒத்த ஓரிடத்தில் பதிவாகியிருப்பது சிந்தனைக்குரியது. அக்கல்வெட்டு எந்தச் சமயத்தையும் பெயர் சுட்டவில்லை என்பதையும் இங்கே சேர்த்தே சொல்லவேண்டும்.

புலனடக்கத்தை வற்புறுத்தும் சமயம் இசைக்கு இத்துணை இடம் தந்தது எவ்வாறு என்று கேட்பவர் உண்டு. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணி அதற்குத் தக்க விடை. துறவி இயற்றிய அக்காப்பியத்தில் இசை, கற்றுத் தேர்ந்து குற்றம் நீக்க வேண்டிய ஒரு கலையாக நிற்கிறது. வித்தியாதர வேந்தன் கலுழவேகனின் மகள் காந்தருவதத்தை, யாழில் தன்னை வெல்பவனையே மணப்பாள் என்னும் உறுதியுடன் இராசமாபுரத்திற்கு வருகிறாள். மன்னரும் பிறரும் தோற்கின்றனர். சீவகன் அவைக்கு வந்ததும் உடனே வாசிக்கத் தொடங்கவில்லை. தன்னிடம் நீட்டப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்குகிறான். ஒன்றின் மரம் நீரில் நின்று கெட்டது. ஒன்று இடி விழுந்த மரம். ஒன்று தீயில் வெந்தது. குற்றமற்ற யாழ் கிடைத்த பின்பே கை வைக்கிறான். நரம்புக்கும் கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நான்கு குற்றங்களைப் பழைய நூல்கள் சொல்லும்; முறுக்கேறிய நரம்பில் மயிரிழை ஒன்று சிக்கினாலும் ஓசை கெடும். கருவி செய்வோர் வாயில் வழங்கிய சொற்கள் இவை என்பது பார்த்த அளவிலேயே விளங்கும்.

அதே இடத்தில் தத்தை பாடும் முறையைத் தேவர் சொல்லும் அழகை இசை பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் கட்டாயம் அறியவேண்டும். அவள் பாடும்போது புருவம் ஏறவில்லை, கண் சுழலவில்லை, மிடறு விம்மவில்லை, பல் தெரியவில்லை. பாட்டு அவள் வாயிலிருந்துதான் வருகிறதா என்று கேட்டோர் ஐயுறும்படி இருந்தது. இன்றைய மேடைகளில் காணும் கையசைப்பும் முகச்சுளிப்பும் அந்த அவையில் தோல்வியாகவே எண்ணப்பட்டிருக்கும்.

யாழ்களுள் பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்பது உரைமரபு. ஒலி பெருகும் அடிப்பாகம் பத்தர். அதன்மேல் இழுத்துக் கட்டிய தோல் போர்வை. வளைந்த தண்டு கோடு. நரம்பை இறுக்கும் வார்க்கட்டு திவவு. கொங்குவேளிரின் பெருங்கதையில் உதயணன் கையில் இருக்கும் கோடபதி என்னும் யாழ், மதங்கொண்ட யானையையும் அடக்கியது. இக்கருவிகள் பின்னாளில் வழக்கொழிந்தன. உறுப்புகளின் பெயர்கள் மட்டும் எஞ்சின.

அவை எஞ்சியதும் தற்செயல் அன்று. 1880இல் சேலம் இராமசாமி முதலியார், சிந்தாமணி படித்ததுண்டா என்று உ.வே. சாமிநாதையரைக் கேட்டபோது, அக்காலப் பெரும்புலவர் பலரைப் போலவே ஐயரும் அந்நூலைக் கற்றிருக்கவில்லை. கும்பகோணத்துச் சமண இல்லங்களோ அதைச் சமய நூலாகப் போற்றிப் படித்துவந்தன. வீட்டு வாயிலில் தோரணமும் கோலமும் கண்ட ஐயர் என்ன விசேடம் என்று வினவ, சிந்தாமணி பூர்த்தி என்று விடை கிடைத்ததை அவர் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். சந்திரநாத செட்டியார், வீடூர் அப்பாசாமி நயினார் போன்றோரிடம் சமண நெறியின் நுட்பங்களைக் கேட்டறிந்த பின்பே அவருக்கு நச்சினார்க்கினியர் உரை தெளிவாயிற்று. 1887இல் சிந்தாமணி அச்சேறியது, 1892இல் சிலப்பதிகாரம், 1924இல் பெருங்கதை. ஆண்டுதோறும் ஓதி முடித்து விழா எடுத்த அந்தக் குடும்பங்கள் இசைநூல் ஒன்றைக் காப்பதாக எண்ணியிருக்கமாட்டார்கள்.

இசைக்கென்று கோயிலில் இடம் ஒதுக்கியதும் உண்டு. சினகாஞ்சியாகிய திருப்பருத்திக்குன்றத்தில், திரைலோக்கியநாதர் ஆலயத்தின் முன் நிற்கும் சங்கீத மண்டபம் 1387–88இல் எழுந்தது. விசயநகர அரசின் அமைச்சரும் படைத்தலைவருமான இருகப்பர் தம் குரு புஷ்பசேன முனிவரின் சொற்படி அதைக் கட்டினார் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது.

காத்தவற்றைச் சொல்லும்போது இழந்தவற்றையும் எண்ண வேண்டியிருக்கிறது. பெருநாரை, பெருங்குருகு முதலிய இசைத்தமிழ் நூல்கள் தம் காலத்திற்கு முன்பே மறைந்தன என்று அடியார்க்குநல்லார் வருந்துகிறார். அவர் துணையாகக் கொண்ட இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் ஆகியவையும் பிற்காலத்தில் காணாமற் போயின. அவற்றுள் பஞ்சமரபு மட்டும் கொங்குநாட்டில் ஏடாகக் கண்டெடுக்கப்பட்டு 1970களில் அச்சு வடிவம் பெற்றது. அடியார்க்குநல்லாரின் உரையே முழுமையாக நமக்கு வந்து சேரவில்லை. யாழின் வகைகளையும் பாலைகளையும் அரங்கேற்று காதையில் அத்துணை விரிவாக எழுதியவர், கடற்கரையில் கோவலனும் மாதவியும் ஒருவர்பின் ஒருவராக யாழ் மீட்டிப் பாடும் கானல்வரிக்கு என்ன எழுதியிருப்பார் என்பது தெரியவில்லை. சிலம்பிலேயே பாட்டு மிகுந்த அந்தப் பகுதிக்கு அரும்பதவுரை மட்டுமே உள்ளது. அடியார்க்குநல்லார் உரை இன்றுவரை கிடைக்கவில்லை.